குவேக்கர் முறையில் அமைதி விழிப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

போர்ச் செய்தி வரும் நாட்களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சந்தைத் திடலிலோ நூலக வாசலிலோ ஏழெட்டுப் பேர் ஒரு பேனரோடு வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோஷம் இல்லை, மைக் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தங்களுக்குள் கைகுலுக்கிவிட்டு, பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விசாரித்தால் குவேக்கர்கள் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு விஜில் என்று பெயர். நம் சபைகளில் நடக்கும் முழு இரவு ஜெபத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாட்டு, பிரசங்கம், கண்விழிப்பு எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகலில்தான் பெரும்பாலும் நடக்கும்.

இப்படி ஒன்றில் சேர்ந்துகொள்ளவோ, உங்கள் ஊர் நண்பர்களோடு சேர்ந்து புதிதாகத் தொடங்கவோ நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். சட்டம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். மற்றதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில், இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

'குவேக்கர்' என்பது மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். 17-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றித் திரண்ட சபை இது. 1660-ல், இன்றைய நாட்காட்டிக் கணக்கில் 1661 ஜனவரியில், இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எந்த நோக்கத்துக்காகவும், எந்தச் சாக்கைச் சொல்லியும் ஆயுதம் ஏந்திப் போரிட மாட்டோம் என்பது அதன் சாரம். சமாதானச் சாட்சி என்று அவர்கள் இன்றைக்கும் சொல்வது இந்த நிலைப்பாட்டைத்தான்.

பிரிட்டனில் குவேக்கர்களின் ஞாயிறு ஆராதனை மிக எளிமையானது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு மணி நேரம் மௌனமாக உட்காருவார்கள். உள்ளே உந்துதல் வந்தவர் எழுந்து நாலு வாக்கியம் பேசிவிட்டு உட்காருவார். மறுபடி மௌனம். மூப்பர்கள் இருவர் கைகுலுக்கினால் ஆராதனை முடிந்தது என்று அர்த்தம். (உலகத்துக் குவேக்கர்கள் எல்லாரும் இப்படியல்ல. அவர்கள் அதிகமாக இருக்கும் கென்யாவில் போதகர் உண்டு, பாட்டும் உண்டு.) அமைதி விழிப்பு என்பது இதே மௌன ஆராதனையைச் சுவரும் கூரையும் இல்லாமல் தெருவில் நடத்துவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம். மைக் வைக்கலாமா, நிற்கும்போது பேசிக்கொள்ளலாமா, திட்டுகிறவருக்குப் பதில் சொல்லலாமா என்று சந்தேகம் வந்தால், ஆராதனைக் கூடத்தில் அதைச் செய்வோமா என்று கேட்டுப் பாருங்கள்.

முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் கிருமி ஆயுத ஆராய்ச்சி நடந்த ஃபோர்ட் டெட்ரிக் வாசலில் 1959 ஜூலையில் தொடங்கிய விழிப்பு 1961 வரை நீடித்தது. சமாதானச் சாட்சியின் 300-வது ஆண்டையொட்டி 1960 நவம்பரில் ஏறக்குறைய ஆயிரம் குவேக்கர்கள் பென்டகனைச் சுற்றி மௌனமாக நின்றார்கள். வியட்நாம் போரின்போது, 1969-ல், அமெரிக்க நாடாளுமன்றப் படிகளில் நின்று இறந்த சிப்பாய்களின் பெயர்களை வாசித்தார்கள். அதற்காகக் கைதானவர்கள் போக, அடுத்த வாரம் வேறு சிலர் வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள்.

லண்டன் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்கள் உங்களில் இருக்கலாம். அது போராட்டம். கொடியும் கோஷமும் அதற்குத் தேவைப்பட்டன. இங்கே அவை இரண்டும் இல்லை. அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் இந்த மௌனம் கையைக் கட்டிப்போட்டதுபோல இருக்கும்.

சபையின் ஒப்புதல்

நாலு பேர் சேர்ந்து ஒரு பேனரைத் தைத்துக்கொண்டு போய் நிற்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பேனரில் 'குவேக்கர்' என்ற சொல் வருகிறது என்றால், அந்த ஊர்ச் சபை அதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். குவேக்கர் சபைகளில் வாக்கெடுப்பு கிடையாது. அலுவல் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்வீர்கள். மௌனத்துக்கு நடுவே ஒவ்வொருவராகப் பேசுவார்கள். கூட்டத்தின் மனப்போக்கு இதுதான் என்று கிளார்க் (கூட்டத்தை நடத்திக் குறிப்பெழுதுபவர்) புரிந்துகொண்டதை அங்கேயே ஒரு குறிப்பாக எழுதி வாசிப்பார். எல்லாரும் அதை ஏற்றால் அதுவே தீர்மானம். ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம்.

இந்தத் தாமதம் புதியவர்களுக்கு எரிச்சலைத் தரும். அங்கே குண்டு விழுகிறது, இங்கே குறிப்பு எழுதுகிறார்களே என்று தோன்றும். அதற்கு வழி இருக்கிறது. 'குவேக்கர்' என்ற சொல் இல்லாத பேனரோடு, தனிமனிதர்களாக அந்த வாரமே தொடங்கிவிடுங்கள். சபை ஒப்புக்கொண்ட பிறகு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒப்புதலை அவசரப்படுத்திப் பறித்துக்கொண்டு போனால், முதல் புகார் வந்த அன்றே சபைக்குள் பிளவு வரும்.

ஒப்புதல் கேட்கப் போகும்போது நான்கு விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள். எந்த இடம், எந்த நாள் எந்த நேரம், எத்தனை வாரம், பேனரில் என்ன வாசகம். 'எத்தனை வாரம்' என்பதுதான் முக்கியம். போர் முடியும்வரை என்று சொல்லாதீர்கள். 12 வாரம் என்று சொல்லுங்கள், பிறகு கூடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். முடிவே இல்லாமல் அறிவித்த விழிப்பு, மூன்றாம் மாதத்தில் இரண்டு முதியவர்கள் மட்டும் மழையில் நிற்பதில் போய் முடியும். வெளியிடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கும் சபையின் காப்பீடு பொருந்துமா என்று பொருளாளரிடம் இதே சமயத்தில் கேட்டு வையுங்கள்.

இடம்

ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், ஆனால் நெரிசல் கூடாது. நடைபாதையில் நீங்கள் வரிசையாக நின்ற பிறகும் குறைந்தது 2 மீட்டர் வழி விட வேண்டும். இரட்டைக் குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் எதிரெதிரே கடக்க அந்த அகலம் வேண்டும். வழியை மறித்தால் 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபக்கம். வழிவிடாமல் நின்று சமாதானம் பேசினால் யார் கேட்பார்கள் என்பது இன்னொரு பக்கம்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். காத்திருப்பவர்கள் விலகிப்போக வழியில்லாமல் உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் கோபமாக மாறும். கடைத்தெரு நடுவில் இருக்கும் அழகான திடல்கள் பல பிரிட்டனில் தனியாருக்குச் சொந்தமானவை. பார்க்கப் பொதுவிடம்போல இருக்கும், ஐந்தாவது நிமிடம் காவலாளி வந்து நிற்பார். தரையில் பதித்த பித்தளைக் கோடும் 'தனியார் நிலம்' என்ற சின்னப் பலகையும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

போர் நினைவுத்தூண் அருகில் நிற்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிற்கலாம். ஆனால் நவம்பர் நினைவு வாரத்தில் அங்கே அஞ்சலி செலுத்த வருகிறவர்களிடம் முன்கூட்டிப் பேசாமல் போக வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இட அமைப்புக்கு நல்ல உதாரணம் லண்டன் டாவிஸ்டாக் சதுக்கம். பிரிட்டன் குவேக்கர்களின் தலைமையகமான ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸிலிருந்து நடக்கும் தூரம். நடுவே 1968-ல் வைத்த காந்தி சிலை. ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் நினைவாக 1967-ல் நட்ட செர்ரி மரம் ஒருபக்கம். மனசாட்சியின் பேரில் படையில் சேர மறுத்தவர்களுக்காக 1994 மே 15-ல் திறந்த நினைவுக்கல் இன்னொரு பக்கம். ஆண்டுதோறும் மே 15 அன்று அந்தக் கல்லருகே கூடி, மறுத்தவர்களின் பெயர்களை வாசித்து வெள்ளைப் பூ வைப்பார்கள். மரநிழல், உட்கார பெஞ்சு, ஐந்து நிமிடத்தில் கழிப்பறை, கூட்டம் இருந்தாலும் அமைதி. உங்கள் ஊரில் காந்தி சிலை இல்லாமல் போகலாம். பெஞ்சும் கழிப்பறையும் இருக்கும் இடமாகப் பாருங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள்.

நாளும் நேரமும்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். சனி பகல் 12 முதல் 1 வரை பலருக்கு வசதி. அலுவலகப் பகுதி என்றால் வெள்ளி மாலை 5 மணி. தொடக்கத்தில் அரை மணி நேரம் போதும். ஒரு மணி நேரம் நிற்பது கேட்கும்போது எளிதாகத் தெரியும், 40-வது நிமிடத்தில் இடுப்பு சொல்லும். குளிர்காலத்து மாலைக்கு விளக்கு வேண்டும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

நேரத்தை மாற்றாதீர்கள். ஐந்தாவது வாரம் யாரோ ஒருவர் பேருந்து ஜன்னலிலிருந்து கை காட்டுவார். ஏழாவது வாரம் அவர் இறங்கி வந்து நிற்பார். நேரம் மாறினால் அவர் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

போலீசும் கவுன்சிலும்

1986-ம் ஆண்டு பொது ஒழுங்குச் சட்டப்படி ஊர்வலமாகப் போனால்தான் ஆறு முழு நாட்களுக்கு முன் போலீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் நிற்பதற்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை. ஆனால் கூட்டத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. முன்பு 20 பேர் கூடினால்தான் அது செல்லும். 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டு பேரே போதும். ஆகவே நாம் ஐந்து பேர்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஆராதனைக் கூடத்திலிருந்து திடல்வரை பேனரோடு வரிசையாக நடந்து போவதும் ஊர்வலமாகக் கருதப்படலாம். பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு பேராகப் போங்கள்.

கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒரு வாரம் முன்பு உள்ளூர் போலீசுக்கும் கவுன்சிலுக்கும் நாலு வரி மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. நாள், நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, தொடர்புக்கு ஒருவர் பெயர். 'அனுமதி கேட்கிறோம்' என்று எழுதாதீர்கள், 'தெரிவிக்கிறோம்' என்று எழுதுங்கள். கவுன்சில் திடல்கள் சிலவற்றில் முன்பதிவு விதி இருக்கும், அதையும் இதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். டிராஃபல்கர் சதுக்கத்துக்கும் பாராளுமன்றச் சதுக்கத்துக்கும் விதி தனி, முன்அனுமதி வாங்க வேண்டும். 2011-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பாராளுமன்றச் சதுக்கத்தில் கூடாரம் போட முடியாது, அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியும் வைக்க முடியாது.

அமெரிக்காவில் வாஷிங்டன் தேசியப் பூங்கா நிலத்தில் 25 பேர்வரை அனுமதிச்சீட்டு இல்லாமல் நிற்கலாம், மேடையோ பந்தலோ போடாதவரை. மற்ற ஊர்களில் நகராட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேனர்

அதிகமாகச் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

எழுத்தின் உயரத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 3 மீட்டர் தூரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. எழுத்தை 24 மீட்டரிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். சாலைக்கு அந்தப் பக்கம் நடப்பவருக்கு அது போதும். துணி 2.5 மீட்டர் நீளம், 90 செ.மீ. உயரம். இதில் 20 செ.மீ. எழுத்தில் இரண்டு வரி கொள்ளும், வரிக்குப் பதினைந்து எழுத்துக்கு மேல் போகாது. ஆகவே வாசகம் ஐந்தாறு சொல்லைத் தாண்டக் கூடாது. 'சமாதானத்துக்காக மௌனமாக நிற்கிறோம்' என்ற பொருளில் ஊர் மொழியில் ஒரு வாக்கியம் போதும். 'குவேக்கர்கள்' என்பது கீழே சின்னதாக இருக்கட்டும். பெயரைப் பெரிதாகவும் செய்தியைச் சின்னதாகவும் எழுதிய பேனர், சபைக்கு விளம்பரம்போல ஆகிவிடும்.

பழைய பருத்திப் படுக்கை விரிப்பு நல்ல துணி. வெளிர் நிறத்தில் கறுப்பு அல்லது கருநீல எழுத்து. மஞ்சளில் வெள்ளை, சிவப்பில் கறுப்பு எல்லாம் வீட்டில் அழகாக இருக்கும், மேகமூட்டத்தில் ஒன்றும் தெரியாது. அக்ரிலிக் பெயின்ட் பயன்படுத்துங்கள். பள்ளிக்கூட வாட்டர் கலர் முதல் மழையிலேயே கரைந்து ஒழுகும். எழுத்தை முதலில் கார்ட்போர்டில் வெட்டி, துணியின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, பிறகு நிரப்புங்கள். நேராகத் துணியில் எழுதத் தொடங்கினால் கடைசி மூன்று எழுத்துக்கு இடம் இருக்காது. துணிக்கு அடியில் பழைய செய்தித்தாள் போட மறக்காதீர்கள், பெயின்ட் தரைக்கு இறங்கும்.

இரண்டு பக்கமும் கம்பு நுழைய 8 செ.மீ. மடித்துத் தைக்கவும். கம்பு 1.8 மீட்டர், கைக்கு அடங்கும் கனம். மேல் ஓரத்தின் மடிப்புக்குள் ஒரு நாடாவைச் செலுத்தி இரு கம்புகளிலும் இழுத்துக் கட்டுங்கள். அது இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து, பிடித்திருக்கும் இருவரும் ஒரு மணி நேரமும் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும். தோள்பட்டை போய்விடும். காற்றுக்காகப் பேனரில் அரைவட்ட ஓட்டை போடச் சொல்வார்கள். அதனால் பெரிய பயன் இல்லை, ஓட்டை ஓரத்தில் துணி கிழியும். பலத்த காற்று அடித்தால் பேனரை இறக்கி முழங்கால் உயரத்தில் பிடியுங்கள், அல்லது தரையில் விரித்து நாலு மூலையிலும் தண்ணீர் பாட்டில் வையுங்கள். கவுன்சில் கம்பி வேலியில் கேட்காமல் கட்டாதீர்கள்.

நாட்டுக் கொடி வேண்டாம், எந்த நாட்டுடையதும். கட்சிப் பெயரும் வேண்டாம். பிரிட்டனில் குவேக்கர் சபைகள் அறக்கட்டளைகளாக இயங்குவதால் கட்சி ஆதரவு சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்.

நோட்டீஸ்

ஏ4 தாளை நாலாக வெட்டினால் வரும் அளவு. நூறு சொல்லுக்குள். யார் நிற்கிறோம், ஏன் மௌனம், அடுத்த வாரம் எப்போது, நீங்கள் என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விக்கு விடை இருந்தால் போதும். போரின் வரலாற்றைக் கால் பக்கத்தில் அடக்க முயலாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 50 பிரதி அச்சடித்தால் மீதி கையில் இருக்கும்.

இங்கிலாந்தில் சில தெருக்களில் இலவச நோட்டீஸ் கொடுக்கவும் கவுன்சில் உரிமம் வேண்டும். சமயம், அரசியல், அறப்பணி சார்ந்த நோட்டீசுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. காவலர் யாராவது கேட்டால் அமைதியாக இதைச் சொல்லலாம். கீழே விழுந்ததைப் பொறுக்குவது மட்டும் உங்கள் வேலை.

கையை நீட்டித் திணிக்காதீர்கள். தாளை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்பு. வேண்டுமென்றால் அவர்களே கை நீட்டுவார்கள்.

யார் எந்த வேலை

எட்டுப் பேர் இருந்தால் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள், அதில் இருவர் பேனரோடு. ஒருவர் நோட்டீஸ். ஒருவர் வாசல்காரர், அதாவது நின்று கேள்வி கேட்பவர்களிடம் பேசுகிறவர். போலீஸ், பத்திரிகை யார் வந்தாலும் இவரிடம்தான் வர வேண்டும். எட்டாமவர் மூப்பர். நேரம் பார்ப்பதும் தொடங்கி முடிப்பதும் இவர் பொறுப்பு, யாருக்காவது முகம் வெளுக்கிறதா என்று கவனிப்பதும் இவரே. ஐந்து பேர் என்றால் நோட்டீசும் வாசல்காரரும் ஒருவரே, மூப்பர் வரிசையில் நிற்கலாம். மூன்று பேருக்குக் குறைந்தால் அன்றைக்குப் பேனர் பிடிக்க வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் போங்கள்.

வாசல்காரரை மாற்றிக்கொண்டே இருங்கள். அந்த இடத்துக்குப் பேச்சுத் திறமைசாலியைப் போடாதீர்கள், காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரைப் போடுங்கள். விவாதத்தில் ஜெயிக்கிறவர் அங்கே நின்றால் கால் மணி நேரத்தில் சண்டை வரும்.

அந்த ஒரு மணி நேரம்

பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள். அரட்டை, குசலம் எல்லாம் அதற்குள் முடியட்டும். கைபேசியை நிறுத்துங்கள், அதிர்வில் வைத்தால் போதாது. மூப்பர் "தொடங்குவோம்" என்று சொன்னதும் மௌனம்.

ஒருவருக்கொருவர் ஒரு கை இடைவெளி விட்டு, லேசான பிறை வடிவில், தெருவைப் பார்த்து நில்லுங்கள். முழு வட்டமாக நின்றால் போகிறவர்களுக்கு உங்கள் முதுகுதான் தெரியும். காலை விறைத்து, முட்டியைப் பூட்டி நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கித் தலைக்கு ஏறாமல் மயக்கம் வரும். ராணுவ அணிவகுப்பில் சிப்பாய்கள் சாய்வதும் இதனால்தான். முட்டியைச் சற்றே தளர்த்தி, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் எடையை மாற்றிக்கொண்டே இருங்கள். குளிர்காலத்தில் குளிர் காலடியிலிருந்துதான் ஏறும், இரண்டு ஜோடி காலுறையைவிடக் காலுக்கு அடியில் ஒரு துண்டு கார்ட்போர்ட் உதவும். நிற்க முடியாதவருக்கு மடக்கு நாற்காலி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண் மூடலாம், திறந்தும் இருக்கலாம். பேனர் பிடித்தவர்கள் மட்டும் திறந்தே இருக்கட்டும். சுவாசத்தைக் கவனிப்பவர்கள் உண்டு, பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு, செய்தியில் பார்த்த ஒரு முகத்தை மட்டும் நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் உள்ளவர்களை நினைக்க முயலுங்கள். முடியாமல் போனால், முடியவில்லை என்பதையே ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மௌனம் கெடுவது பெரும்பாலும் வெளியாட்களால் அல்ல. இருபதாவது நிமிடத்தில் பக்கத்திலிருப்பவரிடம் "அந்தக் கடை மூடிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்பவரால்தான். ஒருவர் பேசினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வரிசை முழுக்கப் பேச்சாகிவிடும். அப்புறம் அது பேனரோடு நிற்கும் அரட்டைக் கூட்டம். மூப்பர் அருகே போய் நின்றாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் ஜாம் பாட்டிலில் 2 செ.மீ. மணல் போட்டு, நடுவில் குட்டை மெழுகுவர்த்தியைச் செருகுங்கள். பாட்டில் கழுத்தில் கம்பி சுற்றிக் கைப்பிடி வைக்கவும். கால் மணி நேரத்தில் கண்ணாடி கையில் பிடிக்க முடியாமல் சுடும். பேப்பர் கப்பில் வைத்தால் காற்றில் கப்பே பற்றும். குழந்தைகள் கையில் எல்இடி விளக்கு கொடுங்கள். குழந்தைகளைக் கால் மணி நேரத்துக்குமேல் நிற்க வைக்காதீர்கள்.

பெயர் வாசிப்பது என்றால் மௌனத்தின் ஒரு பகுதியாக, நிதானமாக. ஐந்து நொடிக்கு ஒரு பெயர் என்றால் நிமிடத்துக்குப் 12, அரை மணிக்கு 360. பட்டியல் அதைவிட நீளமா என்று முன்பே எண்ணிப் பாருங்கள். பாதியில் நிறுத்துவது குடும்பத்தாருக்குச் செய்யும் அவமரியாதை, மீதியை அடுத்த வாரம் வாசிப்போம் என்று சொல்லித் தொடருங்கள். அரபு, உக்ரேனியப் பெயர்களை அந்த மொழி தெரிந்தவரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தமிழிலோ வேறு எழுத்திலோ உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண் கலங்கினால் சின்ன எழுத்து தெரியாது. இருவர் மாறி மாறி வாசித்தால் ஒருவருக்குக் குரல் உடையும்போது மற்றவர் எடுத்துக்கொள்ளலாம்.

திட்டுகிறவர்கள்

வருவார்கள். "எதிரிகிட்ட போய்ச் சொல்லு" என்பார்கள், "கோழைகள்" என்பார்கள். வரிசையில் நிற்கும் யாரும் பதில் சொல்லக் கூடாது. முகத்தில் புன்னகையும் வேண்டாம், அது கேலியாகத் தெரியும். வாசல்காரர் நடந்து போய், அவருக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். கை இரண்டும் வெளியே தெரியட்டும். குரல் அவருடையதைவிடத் தாழ்வாக. முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் வீட்டில் யாராவது அங்கே இருக்கிறார்களா?" என்பது. பல சமயம் இருப்பார்கள். மகன் படையில் இருப்பான், அல்லது அக்கா அந்த நகரத்தில் இருப்பாள். அதன்பிறகு நீங்கள் பேச வேண்டியது மிகக் குறைவு. பேசிக்கொண்டே வரிசையிலிருந்து நாலடி தள்ளிக் கூட்டிப்போங்கள்.

குடித்துவிட்டு வருகிறவரிடம் வாதம் வேண்டாம். பேனரைப் பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள், துணிதான். கைகலப்பு என்றால் மூப்பர் உடனே கைகுலுக்கி விழிப்பை முடித்துவிடலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு வகை, ஆதரவாளர். கொடியும் மெகாபோனும் கொண்டு வந்து உங்கள் பேனருக்குப் பக்கத்தில் நிற்பார். நல்ல மனசுதான். "நாங்கள் மௌனமாக ஜெபிக்கிறோம், எங்களோடு மௌனமாக நிற்கிறீர்களா? இல்லையென்றால் சற்றுத் தள்ளி நில்லுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் புரியாது.

போலீஸ் வந்தால் வாசல்காரர் பெயர் சொல்லி வணங்கி, மின்னஞ்சல் நகலைக் காட்டட்டும். நிபந்தனை விதித்தால் எந்தப் பிரிவின்கீழ் என்று கேட்டு, நேரம், அதிகாரியின் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கைதாகத் தயாரா என்பது வேறு விஷயம். 1969-ல் நாடாளுமன்றப் படிக்குப் போனவர்கள் அதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போனார்கள். நோட்டீஸ் கொடுக்க வந்தவரை அந்த இடத்தில் முடிவெடுக்க வைக்கக் கூடாது.

முடிந்த பிறகு

மூப்பர் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்குவார், அது வரிசை முழுக்கப் போகும். உடனே கலையாதீர்கள். பக்கத்துத் தேநீர்க் கடையிலோ ஆராதனைக் கூடத்திலோ கால் மணி நேரம் உட்காருங்கள். திட்டு வாங்கிய வாசல்காரர் அதைச் சொல்லி இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எத்தனை பேர், வானிலை, எத்தனை நோட்டீஸ் போனது, சம்பவம் ஏதாவது உண்டா என்று ஐந்து வரி எழுதிவையுங்கள். பன்னிரண்டாவது வாரம் கூடி முடிவெடுக்கும்போது, யார் ஞாபகம் சரி என்ற வாக்குவாதம் வராமல் இந்த நோட்டுதான் காப்பாற்றும். தொடர வேண்டாம் என்று முடிவானால், குவேக்கர்கள் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. ஒரு வேலையைத் 'தாழ வைத்தோம்' என்று குறிப்பு எழுதி, பேனரை அடுத்த சபைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மழையில் நனைந்த பேனரை அப்படியே சுருட்டி அலமாரியில் வைக்காதீர்கள். மூன்று நாளில் பூஞ்சை பிடித்து, எழுத்தின் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். அன்று இரவே குளியலறைக் கம்பியில் விரித்துப் போடுங்கள். காய்ந்ததும் எழுத்து உள்பக்கம் இருக்கும்படி கம்பைச் சுற்றிச் சுருட்டினால் அடுத்த சனிக்கிழமை மடிப்பு விழாமல் இருக்கும்.